சணப்பு என்று சொன்னார்கள்

கஞ்சா பயிரிட முக்கால் ஏக்கருக்கு என்ன செலவு ஆகும் என்று கேட்டால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வேலி, போர்வெல், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ், சொட்டுநீர்க் குழாய், கேமரா, வாட்ச்மேன், விதை, லேப் டெஸ்ட், வக்கீல். அந்தக் கணக்கைப் போட்டவள் நான். அது என் அப்பாவின் பெயரில், என் அப்பாவின் நிலத்தில் நடக்கப் போகிற வியாபாரம் என்று தெரியாமல் போட்டேன்.

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எனக்கு வேலை. பேங்க் லோனுக்குப் போகிறவர்களுக்குப் புராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தருவேன். கறவை மாடு, மாவு மில், பேக்கரி, லோடு வண்டி, எல்லாம் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான். எங்கள் காலனியில் பி.காம். முடித்த முதல் பெண்ணும் நான்தான். நான் எழுதின ரிப்போர்ட்டை எந்த மேனேஜரும் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த ஆள் ஒரு சனிக்கிழமை வந்தார். ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய அபார்ட்மென்டில் இருக்கிறவர். சாஃப்ட்வேர் வேலை போரடித்துவிட்டது, மண்ணோடு ஏதாவது செய்ய வேண்டும் என்றார். மண் படாத செருப்பு.

"என்ன பிசினஸ் சார்?"

"ஹெம்ப்."

"கஞ்சாவா?"

கதவைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ சிஸ்டர், அந்த வேர்ட் வேணாம். அது வேற ஃபீல் குடுக்குது. ஹெம்ப்னு போடுங்க. ரொம்ப டெக்னிக்கலா வேணும்னா கானபிஸ்."

"செடி ஒண்ணுதானே சார்?"

"செடி ஒண்ணுதான். பிராண்டிங் வேற."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. என் பெரியம்மா மகனை மாமல்லபுரம் பீச் ரோட்டில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு பிடித்தார்கள். அவனுக்கு யாரும் பிராண்டிங் செய்யவில்லை. உள்ளே இருந்துவிட்டு வந்தவன், ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டே காலத்தைக் கழிக்கிறான். டிரைவர் வேலைக்குப் போனால், "நீ அந்தக் கேஸ்காரன்தானே" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அதே மாமல்லபுரத்தில், அவனைப் பிடித்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், வெள்ளைக்காரர்களுக்காக ஒரு துணிக்கடை. வாசலில் அந்த இலையை அழகாகப் படம் வரைந்து, ஹெம்ப் சட்டை என்று எழுதி மாட்டியிருக்கிறது. ஒரு சட்டையின் விலை பெரியம்மாவின் ஒரு வாரக் கூலி.

ஆனாலும் வேலை வேலைதான் என்று உட்கார்ந்தேன். வடக்கே மலைப்பக்கம் லைசென்ஸ் கொடுக்கிறார்கள், இங்கே இன்னும் வரவில்லை, வரும்போது முதல் ஆளாக நிற்க வேண்டும், அதற்கு இப்போதே திட்டம் வேண்டும் என்றார். அனுமதி வந்த பிறகுதான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். "அஃப்கோர்ஸ் சிஸ்டர்" என்றார். கூட நாலு நண்பர்கள் பணம் போடுகிறார்களாம். ஈ.சி.ஆர். பக்கம் முக்கால் ஏக்கர் பார்த்தாகிவிட்டதாம்.

ஒரு வாரம் முழுக்க அதையே எழுதினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாதபடி ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்த வேலி. விதையைவிட வேலிக்கு அதிகச் செலவு. ஐந்து முதலாளிகளுக்கும் போனிலேயே தெரிகிற மாதிரி கேமரா. வக்கீலுக்கு மட்டும் முதல் மாதத்திலிருந்தே சம்பளம். விதை முளைப்பதற்கு முன்பே வக்கீல் முளைத்துவிடுகிறார். இது என்ன சார் என்றால், "ரிஸ்க்கி பிசினஸ் இல்லையா" என்று சிரித்தார். நிலத்துக்கு வாடகை என்ன போடட்டும் என்று கேட்டேன். போட வேண்டாம், விவசாயி ஒரு பார்ட்னர், லைசென்ஸுக்கும் விவசாயி பேர்தான் நல்லது, லாபத்தில் ஏதாவது கொடுத்துக்கொள்ளலாம் என்றார்.

விவசாயி யார் என்று நான் கேட்கவில்லை. எந்த ரிப்போர்ட்டிலும் அது கடைசியில் நிரப்புகிற இடம்.

எங்கள் காலனி, திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகிற பக்கம். கடலை நல்ல தண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிற பிளான்ட் நெம்மேலியில்தான் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கடலாகிக்கொண்டு வருகிறது. அப்பாவுக்கு எழுபத்தைந்து செண்டு நிலம். கண்டிஷன் பட்டா. விற்கக் கூடாது, இஷ்டப்படி யாருக்கும் மாற்றக் கூடாது, கண்டிஷனை மீறினால் அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் நிலத்தில் நடவும் அறுப்புமாகவே ஆயுசைக் கழித்த குடும்பத்துக்கு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருக்கிற ஒரே இடம் அது. சுற்றிலும் பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள். நடுவில் அப்பாவின் நிலம் மட்டும் நிலமாகவே கிடக்கிறது.

அந்த வாரக் கடைசியில் அப்பா ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"ஊர்ல பிளாட் புரோக்கர் கீறாரே, அவரு வந்திருந்தாரு. நம்ம நெலத்த கேக்குறாரு."

"விக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியாதாப்பா?"

"விக்கிறதுக்கு இல்லம்மா. கூட்டு மாதிரி. சென்னைக்காரங்க யாரோ சணப்பு போடுறாங்களாம். போரு அவங்களே போட்டுக் குடுக்குறாங்க. வேலியும் அவங்களுதாம். நம்ம கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சணப்ப வாங்கி இன்னா பண்ணுவானுங்க?"

"கயிறு, துணின்னு இன்னாமோ சொன்னாரு. ஃபாரினுக்குப் போவுதாம்."

"வேலி போட்டு சணப்பா? மாடு கூட வேலி தாண்டி வந்து அத்த மேயாது. பணம் ஜாஸ்தியாயிட்டா இப்படித்தான்."

சணப்பு எங்களுக்குத் தெரிந்த செடிதான். நடவுக்கு முன்னால் வயலில் விதைப்பார்கள். மஞ்சளாகப் பூ எடுக்கிற சமயத்தில் அப்படியே மடக்கி உழுதுவிட்டால் மண்ணுக்கு உரம். காசு போட்டு வேலிகட்டி வளர்க்கிற பயிர் இல்லை. நானும் அம்மாவோடு சேர்ந்து சிரித்தேன். ஒரு வாரம் ஹெம்ப் ஹெம்ப் என்று தட்டிய விரல்கள் இவை. அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழ் தேடினால் சணலும் சணப்பும் வந்து நிற்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஞாயித்துக்கெழம நெலத்த பாக்க வராங்க. இங்கிலீஷ்ல பேசுவாங்க. நீ கூட இரு" என்றார் அப்பா. அதற்காகச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து புரோக்கர் இறங்கினார். பின்னாலிருந்து சனிக்கிழமை ஆள்.

"சிஸ்டர்! நீங்க எங்க இங்க?"

புரோக்கர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தெரியுமா சார்? இது நம்ம ஆளு பொண்ணு சார்."

நம்ம ஆளு. அப்பாவுக்கு அறுபது வயது ஆகப் போகிறது. புரோக்கருக்கு நாற்பதுகூட இருக்காது. அவருடைய அப்பா காலத்தில் என் அப்பா அந்த வீட்டு நிலத்தில் கூலிக்குப் போனவர். அதனால் இவர் பிறந்ததிலிருந்து என் அப்பா இவரை "நீங்க" என்கிறார், இவர் என் அப்பாவை "நீ" என்கிறார். இதை யாரும் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன்.

எனக்குள் கணக்கு ஒவ்வொன்றாகப் பொருந்த ஆரம்பித்தது. முக்கால் ஏக்கர். எழுபத்தைந்து செண்டு. வேலி. போர். வாயைத் திறப்பதற்குள் அப்பா தன் நிலத்தைக் காட்டத் தொடங்கிவிட்டார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் உப்பு கீது சார். சணப்புக்கு அது ஒண்ணும் ஆவாது. ஆடியிலயே வெதைக்கணும்னு இவரு சொன்னாரு, பூ வர்றதுக்குள்ள மடக்கி ஒழுதுடலாம்."

"உழறதா?" என்றார் அவர். "எதை?"

"சணப்பத்தான் சார். பூவெடுத்து முத்திப் போச்சுன்னா நாரு புடிச்சிக்கும், ஏரு எறங்காது."

"ஐயா, பூதான் வேணும்! பூவுலதான் எல்லாமே. அதை உழுதுட்டா பிசினஸே இல்ல."

அப்பா சிரித்துவிட்டார். "சணப்புப் பூவ எவன் சார் வாங்குவான்? சாமிக்குக்கூட போட மாட்டாங்களே."

அந்த ஆள் புரோக்கரைப் பார்த்தார். புரோக்கர் தூரத்தில் இருந்த சவுக்குத் தோப்பைப் பார்த்தார்.

"சார்," என்றேன். "அந்தச் செடிக்குப் பேரு என்னன்னு எங்கப்பாகிட்ட தமிழ்ல சொல்லுங்க."

"சிஸ்டர், அது ஒரு மெடிசினல் பிளான்ட்..."

"தமிழ்ல சார்."

"மூலிகைம்மா," என்று குறுக்கே வந்தார் புரோக்கர். "சணப்பு ஜாதிதான். போன்ல போட்டுப் பாரு, அப்படித்தான் வருது. நானா சொல்றேன்?"

"கஞ்சாப்பா," என்றேன். "இவங்க கேக்கறது கஞ்சா போடறதுக்கு."

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"லைசென்ஸ் வந்தாத்தான்னு என்கிட்ட சொன்னீங்க. இன்னும் சட்டமே வரலை. ஆடியில என்ன சார் விதைப்பீங்க?"

"சும்மா ஒரு டிரயல்தான். நாலஞ்சு செண்டு. மண்ணு செட் ஆகுதான்னு பாக்க வேணாமா? தகரம் அடிச்சிட்டா உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"தெரிஞ்சா?"

"எல்லாத்துக்கும் லீகல் சப்போர்ட் வெச்சிருக்கோம். உங்க ரிப்போர்ட்லயே இருக்கே."

"இருக்கு. நான்தான் போட்டேன். அந்த வக்கீல் யாருக்கு? கம்பெனிக்கா, எங்கப்பாவுக்கா?"

அவர் வெயிலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நிலம் எங்கப்பா பேரு. கையெழுத்து எங்கப்பா கையெழுத்து. உங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் பேராவது இந்த மண்ணுல இருக்கா? போலீஸ் வந்தா போன்ல கேமராவுல பாத்துகிட்டு இருப்பீங்க. இவரு உள்ள போவாரு. பட்டாவும் போவும். எங்க வீட்ல ஒருத்தன் ஒரு பொட்டலத்துக்கே இன்னும் கையெழுத்துப் போட்டுகினு கீறான் சார். அவன் தொட்டா கஞ்சா, நீங்க தொட்டா ஹெம்ப்பா?"

கோபம் வந்தால் எனக்கு எங்கள் வீட்டுப் பேச்சு வந்துவிடும். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

"இன்னாம்மா இது, வெட்டவெளியில நின்னு கத்திகினு," என்றார் புரோக்கர். "நாலு எழுத்து படிச்சிட்டா பெரிய மனுசங்ககிட்ட இப்படித்தான் பேசுறதா? இன்னாப்பா நீ, பொண்ண வாய மூடச் சொல்லு. உனக்கு போரு வேணுமா, வேணாமா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ வூட்டுக்குப் போ."

"அப்பா..."

"போன்னு சொல்றேன்."

பிறகு அவர்கள் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "சின்னப் பொண்ணுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. யோசிச்சு சொல்றேங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு, தன்னை ஜெயிலுக்கு அனுப்ப வந்தவர்களிடம், தன் சொந்த நிலத்தில் நின்றுகொண்டு, எனக்காக மன்னிப்புக் கேட்டார். புரோக்கர் மேலும் அந்த ஆள் மேலும் இருந்த கோபம் அத்தனையும் அந்த நிமிஷத்தில் இடம் மாறி அப்பாவின் கூப்பிய கைமேல் போய் உட்கார்ந்தது.

வீட்டில் அம்மாதான் ஆரம்பித்தாள். சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே, "அக்கா மவன் படுறது பத்தாதா? யோசிச்சு சொல்றேன்னியாமே. இதுல இன்னா யோசன?" என்றாள்.

"போட மாட்டேன்டி. அந்தக் கருமத்த நான் போடுவனா?"

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"யாருகிட்ட சொல்றது? அந்த வூட்டு மனுசங்ககிட்ட வேணான்னு நான் எப்பவாச்சும் சொல்லியிருக்கேனா? அவங்க அப்பாரு கூப்ட்டா போவேன். இவரு கூப்ட்டா போவேன். எப்படி சொல்றதுன்னே எனக்குத் தெரியாது. உனக்கு வாயி கீது. நீ ஆபீசுக்குப் போயிடுவ. நான் இந்த ஊர்லதான் நடமாடணும்."

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்வதானால், அவர் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம்.

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனதும் ஆடிட்டர் கூப்பிட்டார். அந்த ஆள் முந்திக்கொண்டு போன் செய்திருந்தார். "கிளையண்ட்டை வெளியில வெச்சு அவமானப்படுத்தினியாம். கணக்கு மட்டும்தான் நம்ம வேலை. அவங்க என்ன விதைக்கிறாங்க, எங்க விதைக்கிறாங்கங்கிறது நம்ம வேலை இல்லைம்மா."

"விவசாயி பேரு காலியா இருக்கு சார். எங்கப்பா பேரைப் போடணுமாம். போடட்டுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நல்லவர்தான். ஆனால் நல்லவர்களின் மௌனத்துக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. அது முடிந்ததும், "சரி, நீ விடு, நான் வேற யார்கிட்டயாவது குடுத்துக்கறேன்" என்றார். அதாவது ரிப்போர்ட் நிற்காது, அதை எழுதுகிற கை மட்டும் மாறும். நான் போட்ட கணக்கு அப்படியே இருக்கும். தப்பு இல்லாத கணக்கு அது.

புரோக்கர் நடுவில் இரண்டு தடவை அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

"எங்க?"

"போய் சொல்லிட்டு வந்துர்றேன். போன்ல சொன்னா மரியாதை இல்ல."

மரியாதை என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது. ஆனாலும் கூடப் போனேன். தனியாக விட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாரோ என்ற பயம். வழியில் எதுவும் பேசக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

புரோக்கர் வீட்டு கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே போகாமல் அப்பா வெளியிலேயே நின்றார். நானும் நின்றேன். புரோக்கர் பல் துலக்கியபடி வந்தார். காலை நேரம். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"இன்னாப்பா, போன எடுக்க மாட்டேன்ற? சார் அங்க பேஜாரு பண்றாரு. எப்ப வச்சுக்கலாம் கையெழுத்த?"

"இல்லீங்க," என்றார் அப்பா. "நமக்கு அது வேணாங்க."

"இன்னா வேணாம்? போரு வேணாமா? உப்புத் தண்ணியிலயே சாவுறியா?"

"வேணாங்க."

"பொண்ணு சொல்லிக் குடுத்தாளா?" என்னைப் பார்த்தார். "அது ஆபீஸ்ல உக்காந்துகினு ஆயிரம் சொல்லும். நான் உனக்குக் கெடுதல் நெனப்பனா? எங்க வூட்டு உப்பத் தின்னவன் நீ. உன்ன மாட்டி வுடுவனா?"

நான் சத்தியத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா தலையைக் குனிந்தபடியே இருந்தார். மறுபடி 'இல்லீங்க' என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, சத்தம் போடாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப ஏன் சணப்புன்னு சொன்ன நீ?"

நீ.

பிரஷை நீட்டி நீட்டிப் பேசிய புரோக்கரின் கை அப்படியே நின்றது. திட்டியிருந்தால்கூட அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"போன்ல அப்படித்தான்பா வந்துச்சு" என்றார் கடைசியில்.

"எனக்கு சணப்பும் தெரியும், கஞ்சாவும் தெரியும். நீ எதுன்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கே வேணான்னு சொல்லியிருப்பேன். நெலம் தர்றதா இல்ல."

திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. காலனி முழுக்கக் கூப்பிட்டு, என் அப்பா என்ன சொன்னார் தெரியுமா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. நான் படித்த படிப்பில் எந்தப் பரீட்சை ரிசல்ட்டுக்கும் எனக்கு நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை.

ரோடு திரும்பும் வரை அப்பா வேகமாக நடந்தார். அந்த வீடு மறைந்ததும் நின்றார். வேர்த்திருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார். "நீன்னு சொல்லிட்டேன், இல்ல?"

"ஆமாம்பா."

"தப்பா எடுத்துக்குவாரோ?"

சணப்பு என்று பொய் சொன்னவன் நிம்மதியாகப் பல் துலக்குகிறான். ஹெம்ப் என்று ரிப்போர்ட் எழுதச் சொன்னவன் வேறு ஒரு முக்கால் ஏக்கருக்கு, வேறு ஒரு கையெழுத்துக்குக் கிளம்பியிருப்பான். என் அப்பா, தன் நிலத்தைத் தன் வாயாலேயே காப்பாற்றிக்கொண்ட மனுஷன், நடுரோட்டில் நின்று இதைக் கேட்கிறார்.

"எடுத்துக்கட்டும்பா" என்றேன். என்னை அறியாமல் அவரிடமே கத்திவிட்டேன். "எடுத்துக்கட்டும்!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.